சிறு காய்கறித் தோட்டத்தில் நேரமும் கைவேலையும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கால் ஏக்கர், அரை ஏக்கர் நிலத்தில் விற்பனைக்காகக் காய்கறி பயிரிடுபவர்களிடமிருந்தே இம்முறை மிகுதியான கடிதங்கள் வந்துள்ளன. விளைச்சலைக் கூட்டும் வழியை யாரும் கேட்கவில்லை. இருக்கும் விளைச்சலை இப்போது படும் பாட்டில் பாதியைக் கொண்டு எடுக்க முடியுமா என்றுதான் கேட்டிருக்கிறார்கள். ஒரே செய்தியைக் கேட்ட கடிதங்களைச் சேர்த்து, ஏழு கேள்விகளாக்கி விடை எழுதியிருக்கிறேன்.

கேள்வி: நானும் என் மனைவியும் கால் ஏக்கரில் கீரையும் காய்கறியும் பயிரிட்டு விற்கிறோம். விடியும் முன்பே இறங்கினாலும் இருட்டும்வரை வேலை முடிவதில்லை. கையில் சிறிது சேமிப்பு இருக்கிறது. எந்த இயந்திரத்தை முதலில் வாங்கலாம்?

பதில்: இரண்டு வாரங்களுக்கு எதையும் வாங்காதீர்கள். தோட்டத்து வாசலில் ஒரு குறிப்பேட்டையும் பென்சிலையும் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். ஈரக் கையில் பேனா எழுதாது, ஆகவேதான் பென்சில் என்கிறேன். எந்த வேலை, எந்தப் பாத்தி, எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்பதை இருவரும் தவறாமல் எழுதி வாருங்கள். "தண்ணீர் குழாயைச் சரிசெய்தேன்", "கத்தியைத் தேடினேன்" போன்றவற்றையும் விட்டுவிடாதீர்கள். பதினான்கு நாள் கழித்துக் கூட்டிப் பார்த்தால், நீங்கள் நினைத்துக்கொண்டிருந்த வேலை ஒன்றாகவும் நேரத்தை உண்மையில் தின்றுகொண்டிருந்த வேலை வேறாகவும் இருக்கும். மண் கொத்துவதுதான் என் நாளை விழுங்குகிறது என்று பல காலம் நம்பிக்கொண்டிருந்தவன் நான். எழுதிப் பார்த்தபோது கொத்துதல் நான்காம் இடத்தில்தான் வந்தது. களையெடுப்பும் பறிப்பும் முதலிரண்டு இடங்களில் இருந்தன. மூன்றாம் இடத்தில் இருந்தது நடை.

நடையை எளிதாக எண்ணிவிட வேண்டாம். கருவிகள் வைத்திருக்கும் கொட்டகை பாத்தியிலிருந்து 40 மீட்டர் தள்ளியிருந்து, ஒரு நாளில் 15 முறை போய்வந்தால், 1,200 மீட்டர் நடக்கிறோம். அது கால் மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட நடைதான். ஆனால் ஒவ்வொரு முறையும் குந்திய இடத்திலிருந்து எழுந்து, கையைத் துடைத்து, திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடிப் பிடிப்பதில் போகும் நேரம் அதைவிடக் கூடுதல். இதற்கு இயந்திரம் தேவையில்லை. கத்தி, கயிறு, களைக்கொத்தி ஆகியவற்றில் இரண்டாவது தொகுதி ஒன்றை வாங்கித் தோட்டத்தின் மறுகோடியில் ஒரு கம்பத்தில் மாட்டி வைத்தால் போதும். அடிக்கடி கை வைக்க வேண்டிய கீரையையும் வெண்டையையும் வாசலுக்கும் தண்ணீருக்கும் அருகிலும், நட்டபின் நெடுநாள் எட்டிப் பார்க்கத் தேவையில்லாத பூசணியையும் கிழங்கு வகைகளையும் கடைக்கோடியிலும் போடுங்கள். அடுத்த பருவம் மாற்றிப் பயிரிடும்போது இந்த ஒழுங்கு சிறிது குலையும், குலைந்தாலும் பழுதில்லை.

அடுத்து, பாத்திகளின் அளவு. இதுவரை நிலம் கிடந்த வாக்கில் நீளமும் அகலமும் ஒன்றுக்கொன்று வேறுபட்டுப் பாத்தி போட்டிருப்பீர்கள். அவற்றை எல்லாம் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். 75 சென்டிமீட்டர் அகலமும், இடையே 45 சென்டிமீட்டர் நடைபாதையும் பலருக்கும் ஒத்துவரும் அளவு. இந்த அகலத்தை ஒரு தப்படியில் தாண்டலாம். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் நடுப்பகுதி கைக்கு எட்டும். பாத்தியை மிதிக்க வேண்டிய தேவையே எழாது. நீளம் 15 மீட்டரோ 20 மீட்டரோ, எதை வைத்தாலும் எல்லாவற்றுக்கும் அதையே வையுங்கள். அப்படிச் செய்தால் ஒரு பாத்திக்கு வெட்டிய சொட்டுநீர்க் குழாய், மூடு விரிப்பு, நிழல்வலை எல்லாம் எந்தப் பாத்திக்கும் பொருந்தும். எவ்வளவு விதை, எத்தனை கூடை எரு, எத்தனை நாற்று என்பதையும் ஒரே ஒரு தடவை கணக்கிட்டுச் சுவரில் எழுதி வைத்துவிடலாம். இதைச் செய்து முடிக்க உங்களுக்கு ஒரு வாரம் ஆகலாம். சேமிப்பு அதுவரை கையிலேயே இருக்கட்டும்.

கேள்வி: என் வேலை நேரத்தில் பாதி களையெடுப்பிலேயே கழிகிறது. எடுத்து முடித்துத் திரும்பினால் முதல் பாத்தியில் மறுபடி முளைத்து நிற்கிறது. களைக்கொல்லி தெளிக்க விருப்பமில்லை. வேறு என்ன செய்யலாம்?

பதில்: களையின் அளவைக் காட்டிலும் நீங்கள் அதைச் சந்திக்கும் நாள்தான் முக்கியம். விதைத்த எட்டாம் ஒன்பதாம் நாளில் ஒரு பாத்தியருகே உட்கார்ந்து, மேல்மண்ணை விரல் நுனியால் மெல்லக் கீறிப் பாருங்கள். வெளியே பச்சை எதுவும் தெரியாது. ஆனால் மண்ணுக்குள் வெள்ளை நூல் துண்டுகளைப் போல நூற்றுக்கணக்கான முளைகள் படுத்திருக்கும். வேர் பிடிக்காத அந்த நூல்கள் காற்றும் வெயிலும் பட்டாலே அரைமணியில் சுருண்டு போகும். கூர்மையான களைக்கொத்தியை மண்ணின் மேல் இழுத்துக்கொண்டு போனாலே அந்த நிலையில் வேலை முடிந்துவிடும். அதே களை நான்கு இலை விட்டு வேரூன்றிவிட்டால் ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். ஒரு முறை பக்கத்துப் பக்கத்து வெங்காயப் பாத்திகள் இரண்டில் இதைக் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். முதல் பாத்தியைப் பத்தாம் நாளில் நின்றபடியே கொத்தினேன். எட்டு நிமிடம் ஆயிற்று. வேறு வேலை இருந்ததால் இரண்டாவது பாத்தி நான்காம் வாரம்வரை தள்ளிப்போயிற்று. இருவர் குந்தியிருந்து ஒன்றரை மணி நேரம் பிடுங்கினோம். இரண்டும் 15 மீட்டர் பாத்திகள்தாம். களை தெரிந்தபின் எடுப்பது என்ற பழக்கத்தை விட்டு, தெரியும் முன்பே எடுப்பது என்ற நாள்காட்டிக்கு மாறினால் உங்கள் சுமையில் பெரும்பகுதி இறங்கும். விதைக்கும் அன்றே, முதல் கொத்துக்குரிய தேதியையும் ஒரு குச்சியில் எழுதிப் பாத்தித் தலைப்பில் நட்டுவிடுங்கள்.

கொத்தும் முறையிலும் சில நுட்பங்கள் இருக்கின்றன. நீளக் கைப்பிடி கொண்ட கருவியையே பயன்படுத்துங்கள்; முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும். பெருவிரல்கள் மேல்நோக்கி இருக்குமாறு, துடைப்பத்தைப் பிடிப்பது போலப் பிடித்து, ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் இழுங்கள். முன்னும் பின்னும் ஆடும் வளையத் தகடு பொருத்திய கொத்தி கிடைத்தால் மிகவும் நல்லது. அது தள்ளும்போதும் வெட்டும், இழுக்கும்போதும் வெட்டும். அரம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அரைமணிக்கு ஒரு தரம் விளிம்பைத் தீட்டிக்கொள்ளுங்கள். மழுங்கிய கொத்தி களையை வெட்டாமல் சாய்த்துவிட்டுப் போகும். கொத்திய மண்ணை மிதித்தால் சாய்ந்த களை மறுபடி வேர் பிடித்துக்கொள்ளும் என்பதால் நடைபாதையில் நின்றோ பின்னோக்கி நகர்ந்தோ கொத்துங்கள். வெயில் காயும் நாளின் முற்பகலில் கொத்த வேண்டும். அன்றைக்குத் தண்ணீர் விடக் கூடாது.

விதைக்கும் முன்பே களையை ஏமாற்றுவது இன்னும் சிறந்த வழி. பாத்தியை விதைப்புக்கு உரிய பதத்துக்குத் தயார் செய்து, விதை போடாமல், தண்ணீர் மட்டும் விட்டுப் பத்து முதல் பதினான்கு நாள் சும்மா போடுங்கள். சிறு களைவிதைகளில் பெரும்பாலானவை மேல்மண்ணின் இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான் முளைத்து மேலே வர முடியும்; ஆழத்தில் இருப்பவை ஆண்டுக்கணக்கில் உறங்கும். மேலே இருந்தவை முளைத்ததும் மேலாகக் கொத்தி அழித்துவிட்டு, அடிமண்ணைக் கிளறாமல் உடனே விதையுங்கள். அடிமண்ணைப் புரட்டினால் உறங்கும் விதைகளுக்குப் புதிய வெளிச்சம் காட்டியதாகிவிடும். இரண்டு வாரக் காத்திருப்பும் வீணாகும்.

கேரட் போல மெதுவாக முளைப்பவற்றுக்கு இது மிகவும் பயன்படும். விதைத்துத் தண்ணீர் விட்டபின் பாத்தியை விரிப்பால் மூடி ஈரம் காத்து, முளை தலைகாட்டும் நாளில் எடுத்துவிடும் வழக்கமும் உண்டு. இதில் ஓர் எச்சரிக்கை: விரிப்பை நாள்தோறும் தூக்கிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு முறை இரண்டு நாள் பார்க்காமல் விட்டேன். மூன்றாம் நாள் விரிப்பை எடுத்தபோது பாத்தி முழுவதும் முளைத்து, வெளுத்து, நீண்டு, சாய்ந்து கிடந்தது. மாலைக்குள் அத்தனையும் வாடிப்போயின. மறதிக்காரர்கள் இந்த வழியைத் தொடாமலிருப்பதே நல்லது.

காலியாகக் கிடக்கும் பாத்திகளைத் தடித்த கருப்பு விரிப்பால் நான்கு முதல் ஆறு வாரம் மூடி வைத்தால், ஈரமும் கதகதப்பும் பெற்று முளைக்கும் களை, ஒளி கிடைக்காமல் அங்கேயே மடியும். மூடும் முன் மண் நனைந்திருக்க வேண்டும். ஓரங்களில் மணல் மூட்டைகளை வைக்க வேண்டும். காற்று வீசும் இடத்தில் நீங்கள் நினைப்பதைப் போல இரண்டு மடங்கு மூட்டை வேண்டியிருக்கும். ஆனால் கோரை இதற்கெல்லாம் கட்டுப்படாது. அதன் கூர்முளை மெல்லிய பிளாஸ்டிக் விரிப்பைக் குத்திக் கிழித்துக்கொண்டு மேலே வரும்; அடியிலுள்ள கிழங்குகள் விரிப்பை எடுத்ததும் புதிதாகத் துளிர்க்கும். கோரை உள்ள இடத்தைத் தனியாகக் குறித்துக்கொண்டு, கிழங்கோடு தோண்டி எடுப்பதும், மீண்டும் துளிர்ப்பவற்றை அடுத்தடுத்து வெட்டிக் கிழங்கை இளைக்க வைப்பதும் தவிர வேறு குறுக்குவழி இல்லை. அருகம்புல்லுக்கும் ஏறக்குறைய இதே வைத்தியம்தான்.

நட்டு வளரும் தக்காளி, கத்தரி, மிளகாய் போன்றவற்றுக்கு வைக்கோலையோ காய்ந்த இலைதழைகளையோ எட்டு முதல் பத்து சென்டிமீட்டர் கனத்தில் மூடாக்காகப் போடுங்கள். தண்டை ஒட்டிச் சிறிது இடைவெளி விடுங்கள். மெல்லிய மூடாக்கு வெளிச்சத்தை உள்ளே விடும், அதனால் பயனில்லை. நத்தைத் தொல்லை மிகுந்த மழைக்காலத்தில் மூடாக்கு அவற்றுக்குக் குடியிருப்பாகும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இவ்வளவுக்கும் நேரமில்லாத வாரங்கள் வரத்தான் செய்யும். அந்த வாரத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள்: பூத்து நிற்கும் களைகளை மட்டும் தேடிப் பிடுங்கித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள். ஒரு பார்த்தீனியம் செடி 15,000 விதைக்கு மேல் உதிர்க்கக்கூடியது. குனிந்து அதை எடுக்கும் ஐந்து விநாடியை அடுத்த பல ஆண்டுகளின் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 20 பாத்திகள் இருக்கின்றன. பூவாளியால்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். சொட்டுநீர் சிறு தோட்டத்துக்குத் தேவையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: கணக்குப் போட்டே முடிவு செய்வோம். 75 சென்டிமீட்டர் அகலமும் 15 மீட்டர் நீளமும் உள்ள பாத்தியின் பரப்பு 11.25 சதுர மீட்டர். வெப்பமான நாளில் 5 மில்லிமீட்டர் நீர் கொடுப்பதாக வைத்துக்கொண்டால் ஒரு பாத்திக்கு 56 லிட்டர். 20 பாத்திக்கு 1,125 லிட்டர். பத்து லிட்டர் பூவாளி இரண்டைக் கைக்கு ஒன்றாகச் சுமந்தாலும் 56 நடை வேண்டும். தொட்டி சராசரியாக 30 மீட்டர் தள்ளியிருந்தால் அது மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடை. அதில் பாதித் தூரம் 20 கிலோ சுமையோடு. இதை நாள்தோறும் செய்கிறவரிடம் சொட்டுநீர் தேவையில்லை என்று யார் சொல்வது?

ஒவ்வொரு பாத்திக்கும் 30 சென்டிமீட்டருக்கு ஒரு சொட்டி உள்ள குழாய்கள் இரண்டை விரித்தால் சொட்டிகள் 100 இருக்கும். சொட்டி ஒன்றுக்கு மணிக்கு ஒரு லிட்டர் என்றால் பாத்திக்கு மணிக்கு 100 லிட்டர். ஆகவே 56 லிட்டருக்கு 34 நிமிடம் போதும். எல்லாப் பாத்திகளையும் ஒரே நேரத்தில் திறக்க மணிக்கு 2,000 லிட்டர் தரும் குழாய் வேண்டும். உங்கள் குழாய் எவ்வளவு தரும் என்பதை 20 லிட்டர் வாளியை வைத்துப் பாருங்கள். நிரம்ப ஒரு நிமிடமானால் மணிக்கு 1,200 லிட்டர் கிடைக்கிறது. பத்துப் பத்துப் பாத்திகளாக இரண்டு பிரிவாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு வையுங்கள். நேரம் வைத்து மூடும் கருவி ஒன்றையும் பொருத்திவிட்டால், தண்ணீர் ஓடும் நேரத்தில் நீங்கள் பறிப்பில் இருக்கலாம். அதைப் பொருத்தாதவர்கள் சமையலறை அலாரத்தையாவது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்துவிட்டு மறப்பது எல்லோருக்கும் நேர்வது.

அடைப்புதான் இதன் தொல்லை. இஸ்ரேலில் சிம்சா பிளாஸ் வடிவமைத்து, 1960களின் நடுவிலிருந்து ஹட்செரிம் கிப்புட்ஸில் (கூட்டுப் பண்ணைக் குடியிருப்பு) தயாரிக்கப்பட்ட சொட்டியின் சிறப்பே, நுண்துளைக்குப் பதிலாக நீண்ட சுற்றுவழியில் நீரை ஓடவிட்டு வேகத்தைக் குறைத்ததுதான். வழி சற்று அகலமாக இருப்பதால் தூசி எளிதில் அடைக்காது. ஆனாலும் 120 மெஷ் (அங்குலத்துக்கு 120 கண்) வடிகட்டி இல்லாமல் எந்தச் சொட்டுநீர் அமைப்பும் நிலைக்காது. வாரம் ஒரு முறை வடிகட்டியைக் கழுவுங்கள்; மாதம் ஒரு முறை குழாய்களின் கடைமுனையைத் திறந்து, கலங்கல் போய்த் தெளிநீர் வரும்வரை ஓடவிடுங்கள்.

பூவாளிக்கு ஆதரவாக ஒன்று சொல்லத்தான் வேண்டும். கையால் ஊற்றுகிறவர் ஒவ்வொரு செடியையும் தினமும் பார்க்கிறார். புழு, இலைப்பேன், வாடல் முதலில் அவர் கண்ணில்தான் படும். சொட்டுநீருக்கு மாறியவர்கள் அந்தப் பார்வையை இழந்துவிடுகிறார்கள். மிச்சமாகும் நேரத்தில் காலையில் பத்து நிமிடம், கையில் எந்தக் கருவியும் இல்லாமல், பாத்திகளூடே ஒரு சுற்று வாருங்கள். விதை முளைக்கும்வரை பாத்திக்குப் பூவாளியே ஏற்றது என்பதையும் மறக்க வேண்டாம். சொட்டிகளுக்கு இடையிலுள்ள மேல்மண் காய்ந்தே கிடக்கும்.

கேள்வி: எனக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பறிப்பும் கழுவுவதும் கட்டுவதும் முழங்காலையும் இடுப்பையும் வாட்டுகின்றன. ஒரு காலைப் பறிப்பு நண்பகல்வரை இழுக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் பறிப்பின் வரிசையை விரிவாக எழுதியிருந்ததால் விடை சொல்வது எளிதாயிற்று. கீரையை அறுத்துக் குவியலாகக் கூடையில் போட்டு, கொட்டகைக்குச் சுமந்து, தரையில் கொட்டி, பழுத்ததைப் பொறுக்கி, கழுவி, பின்பு கட்டுகிறீர்கள். ஒரே இலை உங்கள் கையில் ஐந்து முறை ஏறி இறங்குகிறது. அறுக்கும்போதே கட்டிவிடுங்கள். ரப்பர் வளையங்களை இடது மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு, வலது கையில் அறுத்து, இடது கைப்பிடிக்குள் ஒரு கட்டுக்கான அளவு சேர்ந்ததும் பழுத்த இலையை அங்கேயே நடைபாதையில் உதிர்த்து, வளையத்தை மாட்டிப் பெட்டியில் தண்டுகள் ஒரே பக்கமாக இருக்கும்படி அடுக்குங்கள். முதல் இரண்டு மூன்று நாள் கைக்குப் பழகாமல் எரிச்சலூட்டும். பிறகு கொட்டகையில் மிஞ்சும் வேலை, பெட்டியோடு நீரில் அமிழ்த்தி எடுத்து வடியவிடுவது மட்டுமே.

கழுவுமிடத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, தொட்டியின் விளிம்பு அதற்குச் சற்று மேலே இருக்கட்டும். மேசையின் மேற்பகுதி இடைவெளி விட்டு அடித்த சட்டங்களாக இருந்தால் நீர் தானே வடியும். மண்ணோடு வரும் பெட்டி ஒரு பக்கம் நுழைந்து, சுத்தமானது மறுபக்கம் வெளியேற வேண்டும். இரண்டும் எதிரும் புதிருமாகக் குறுக்கிட்டால் இடமாற்றி வைப்பதிலேயே பொழுது போகும். பெட்டிகளெல்லாம் ஒரே அளவில், ஒன்றன்மேல் ஒன்று அமர்வதாக இருக்கட்டும். நிரம்பிய பெட்டியின் எடை உங்களால் எளிதாகத் தூக்கக்கூடியதற்கு மேல் போகாதபடி சிறியவற்றையே தேர்ந்தெடுங்கள். பாத்தியின் இருபுறமும் சக்கரம் உருளும் தள்ளுவண்டி ஒன்றைச் செய்துகொண்டால் சுமப்பதே நின்றுவிடும்.

வெள்ளரியையும் கொடி பீன்ஸையும் தரையில் படரவிடாமல் வலைப்பந்தலில் நிமிர்த்தி ஏற்றிவிட்டால், குனிந்து தேடிய காயை நின்றபடி பறிக்கலாம். கண்ணுக்குத் தப்பி முற்றிப்போகும் காயும் குறையும். வெண்டையைப் பொறுத்தவரை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிப்பதே சிக்கனம். இன்று களைப்பாக இருக்கிறது என்று தள்ளிப்போட்டால் நார் கட்டிய காயையும் பறித்து எறிய வேண்டிய வேலை கூடுகிறது. செடியும் விதையை முற்றவைப்பதில் இறங்கிப் புதுப் பிஞ்சு விடுவதைக் குறைத்துக்கொள்கிறது.

இலைவகைகளை விடியற்காலையிலேயே முடித்துவிடுங்கள். வெப்பம் பத்துப் பாகை உயர்ந்தால், பறித்த இலை மூச்சுவிடும் வேகம் ஏறத்தாழ இரண்டு மூன்று மடங்காகும். வாடிய இலையைத் தெளித்துத் தெளித்துத் தேற்றுவதற்குப் பின்னால் செலவிடும் நேரம், விடிகாலையில் அரைமணி முன்னதாக எழுந்தால் மிச்சம். காய்வகைகள் பனி உலர்ந்த பிறகு வரட்டும். ஈரமான பீன்ஸ் செடிகளூடே புகுந்து பறித்தால் இலைநோய்கள் கையோடு பரவும்.

கேள்வி: ரோட்டரி கலப்பை பொருத்திய சிறு உழவு இயந்திரம் வாங்கலாமா?

பதில்: முதல் முறையாக ஒரு கரட்டு நிலத்தைத் திருத்துவதானால் ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுங்கள். பாத்திகள் நிலையாக அமைந்த பிறகு சொந்தமாக வாங்கும் தேவை எனக்குத் தெரியவில்லை. மிதிபடாத பாத்தி ஆண்டுக்கு ஆண்டு தானே பொலபொலப்பாகும். சுழலும் கத்தி அருகம்புல்லின் கொடியையும் கோரைக் கிழங்குத் தொடரையும் துண்டு துண்டாக்கிப் பாத்தி முழுவதும் நட்டுவைக்கும். ஆழத்தில் உறங்கிய களைவிதையையும் மேலே கொண்டுவரும். இறுகிய மண்ணைத் தளர்த்த, இரண்டு கைப்பிடியும் வரிசையாக நீண்ட முட்களும் உள்ள அகல மண்கவை போதும். பிரான்சில் ஆந்த்ரே கிரெலின் 1960களில் உருவாக்கிய வடிவம் அது. முட்களை மிதித்து இறக்கி, கைப்பிடிகளைப் பின்னுக்குச் சாய்த்தால் மண் புரளாமல் விரிசல் மட்டும் விடும். உடல் எடையே வேலையைச் செய்வதால் தோளுக்கு நோவு குறைவு.

கேள்வி: வாங்குபவர்கள் கேட்கிறார்கள் என்று முப்பது வகைக்கு மேல் பயிரிடுகிறேன். எதற்கும் நேரம் போதவில்லை.

பதில்: முப்பது வகை என்றால் முப்பது இடைவெளி, முப்பது விதைப்பு நாள், முப்பது விதமான பறிப்பு. தலை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையே ஒரு வேலையாகிவிடும். முதல் விடையில் சொன்ன குறிப்பேட்டை இதற்கும் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு பாத்தியில் வந்த பணத்தை அந்தப் பாத்திக்குச் செலவான மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு பயிர் 100 பங்கு பணம் தந்து 5 மணி நேரம் எடுத்தால் மணிக்கு 20 பங்கு. இன்னொன்று 140 பங்கு தந்தாலும் 14 மணி நேரம் எடுத்தால் மணிக்குப் பத்துதான். பாத்திக்கு அதிகம் தருவது எது என்று மட்டும் பார்ப்பவர்கள் இரண்டாவதையே தேர்ந்தெடுத்து முதுகை ஒடித்துக்கொள்கிறார்கள். நிலம் குறைவாகவும் ஆள் மிகுதியாகவும் உள்ள குடும்பத்துக்கு அது சரியாகவும் இருக்கலாம். உங்கள் கடிதத்தைப் படித்தால் உங்களிடம் குறைவாக இருப்பது நிலமல்ல.

அடிவரிசையிலுள்ள பத்தை இந்தப் பருவமே விடுங்கள். சரடு போல மெலிந்த பீன்ஸ், விரல்நுனி அளவு தக்காளி முதலியவை பறிக்கப் பறிக்கக் கூடை நிரம்பாதவை. அவையே பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும். கணக்கில் பின்தங்கினாலும் வாங்குபவரை உங்களிடம் இழுத்து வரும் வகை ஒன்றிரண்டு இருக்குமானால் அவற்றை மட்டும் கணக்குப் பாராமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒரு பாத்தியில் தக்காளி போடப் போகிறேன். நேரடி விதைப்பா, நாற்று நடவா? எது வேலையைக் குறைக்கும்? நடவுக் கருவி வாங்க வேண்டுமா?

பதில்: முள்ளங்கி, கேரட், கீரை ஆகியவற்றை நேரடியாக விதையுங்கள். தக்காளி, கத்தரி, மிளகாய், முட்டைக்கோஸ் ஆகியவற்றைக் குழித்தட்டில் வளர்த்து நடுங்கள். நாற்று தட்டில் இருக்கும் மூன்று நான்கு வாரமும் பாத்தி வேறு பயிருக்கோ, களையை ஏமாற்றுவதற்கோ கிடைக்கிறது. நட்ட அன்றே களையைவிட ஒரு மாதம் மூத்த செடி மண்ணில் நிற்கிறது. தண்ணீரும் ஒரு மேசை அளவு இடத்துக்கு மட்டும் விட்டால் போதும்.

நடும் முன் தட்டை நீரில் அமிழ்த்தி நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். வேர்க்கட்டி உடையாமல் தட்டிலிருந்து வழுக்கி வரும். இடைவெளியைக் கயிறும் அளவுகோலும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு பலகையில் 45 சென்டிமீட்டருக்கு ஒரு முளைக்குச்சி அடித்து, அதைப் பாத்தியில் அழுத்தி அழுத்தி நகர்த்தினால் குழி விழுந்துவிடும்.

கருவியைப் பொறுத்தவரை, சர்க்கரை எடுக்கப் பயன்படும் பீட்ரூட் வகையின் நாற்றுக்காக ஜப்பானில் உருவான, சங்கிலிபோல் கோத்த காகிதக்குழி முறை ஒன்று இப்போது சிறு தோட்டக்காரர்களிடமும் பரவியிருக்கிறது. கருவியைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு நடந்தால் நாற்றுகள் வரிசையாகத் தாமே இறங்கும். வெங்காயம், கீரை என்று நெருக்கமாக ஆயிரக்கணக்கில் நடுகிறவருக்கு அது பெரிய உதவி. நீங்கள் எழுதியிருப்பதோ ஒரு தக்காளிப் பாத்தி: 15 மீட்டர் நீளத்தில் 45 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு வரிசை, அதாவது 66 செடி. 98 குழி கொண்ட ஒரே தட்டில் அத்தனையும் அடங்கிவிடும், முளைக்காதவற்றுக்கும் நோஞ்சானுக்கும் போக மிச்சமும் இருக்கும். வெயில் தாழ்ந்த பிறகு தொடங்கினால் இருட்டும் முன் ஒருவரே நட்டு முடித்துவிடலாம்.